நாவற்பழ ஒயினுக்கு ஒரு பாத்திரம்

பழைய கண்ணாடிக் குடுவை கழுவும்போது அடிவிட்டுப் போனது. சத்தமே இல்லை. மேல்பாகம் என் கையில் இருந்தது, அடிவட்டம் தொட்டித் தண்ணீரில் கிடந்தது. இருபத்தாறு வருடம் அந்தக் குடுவையில்தான் என் மனைவி கிறிஸ்துமஸ் ஒயின் போட்டாள். அது போனதும் வேறு வாங்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று நாங்கள் இருவரும் ஒன்றரை வாரம் பேசினோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு கிழங்கள் ஒரு பாத்திரத்துக்காக அடித்துக்கொள்வதாகத்தான் தெரிந்திருக்கும்.

எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. மற்ற வீடுகளில் ஒயினுக்குத் திராட்சை வாங்குவார்கள். என் மனைவியின் வீட்டு வழக்கம் நாவற்பழம். சீசன் தொடங்கியதும் குற்றாலம் சாலையோரம் கூடை கூடையாக வைத்திருப்பார்கள். அதை வாங்கிப் பிசைந்து, சீனி, ஈஸ்ட், ஒரு கை கோதுமை, நாலு கிராம்பு சேர்த்துப் பொங்கவிட்டு, வடித்து, தெளியவைத்து, பாட்டிலில் அடைத்துவிட்டால் டிசம்பருக்குள் காரம் ஆறி நாக்குக்கு இதமாகிவிடும். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்குக் கேக்கோடு ஒரு சின்ன கிளாஸ். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மச்சினன், "அத்தான், இது சட்டப்படி குத்தம், தெரியும்லா" என்று வருடா வருடம் சொல்வான். சொல்லிக்கொண்டே கிளாஸை இரண்டாம் முறை நீட்டுவான்.

அவளுடைய கண்ணைப் பற்றிச் சொல்லாமல் பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. சர்க்கரை நோயில் இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணின் உள்ளே ரத்தம் கசிகிறது என்றார்கள். நாலு மாதத்துக்கு ஒரு முறை திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். "கூடுதலா தெரியும்னு எதிர்பார்க்காதீங்க. இருக்கிற பார்வையை நிறுத்தி வைக்கப் பார்ப்போம்" என்றார் டாக்டர். இருக்கிற பார்வை எவ்வளவு என்பதுதான் என் கவலை. நான் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் கணக்கெடுத்தவன். ஒன்றைத் தினமும் பார்த்துக் குறிக்காவிட்டால் எனக்கு அது கைவிட்டுப் போவதுபோல் இருக்கும். அதனால் காலையில் காப்பி குடித்ததும் அவளை முன்னறை நாற்காலியில் உட்காரவைத்து, "ஏட்டி, ஜன்னல் கம்பி எத்தன" என்று கேட்பேன்.

"பதினொண்ணு."

"எதுத்த வீட்டு கேட்டு என்ன கலரு?"

"பச்ச. போதுமா, இன்னும் பரீச்ச இருக்கா?"

போதும் என்று எழுந்துவிடுவேன். அன்றைய பகல் எனக்கு ஓரளவு நிம்மதியாகப் போகும்.

கண் மங்கத் தொடங்கியதிலிருந்து அவளிடமிருந்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தையல் போனது. மீன் ஆய்வது போனது, முள் தெரியவில்லை என்று நானே கத்தியை வாங்கிக்கொண்டேன். வேதப் புத்தகத்தைப் பெரிய எழுத்தில் வாங்கினோம், அதுவும் மடிமேல் சும்மா இருந்தது. மிஞ்சியது ஒயின். அதில் பிசைவது, கிளறுவது, வடிப்பது எல்லாம் யாரும் செய்யலாம். எப்போது தெளிந்தது, எப்போது அடைக்கலாம் என்று சொல்வது அவள். குடுவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்துச் சொல்வாள். இருபத்தாறு வருடத்தில் அவள் சொன்னது தவறியதில்லை. அதையும் எடுத்துவிட்டால் இந்த வீட்டில் அவளுக்கென்று ஒன்றும் இல்லை. அவள் கண்ணாடி கேட்டது அதற்காகத்தான். கண்ணாடி வேண்டாம் என்று நான் சொன்னதும் அவளுக்காகத்தான். மிஞ்சிய ஒரு கண்ணும் அரைகுறையாக இருக்கிற ஒருத்தி நடமாடுகிற வீட்டில், பழமும் தண்ணீருமாக நிறைந்த பத்து லிட்டர் கண்ணாடியை எந்த மூலையில் வைப்பது?

பிளாஸ்டிக் மீதும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊறுகாய் போட்ட டப்பாவை நூறு தடவை கழுவினாலும் ஊறுகாய் வாசம் போவதில்லை. தேய்க்கிற கம்பி நார் பட்டால் கீறல் விழும், கீறலுக்குள் கிருமி தங்கும். புளிப்பும் சாராயமும் சேர்ந்த ஒன்று மாதக்கணக்கில் கிடந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து எதை இழுத்துக்கொண்டு வரும் என்று யார் கண்டது? ஆனால் விழுந்தால் உடையாது. அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தென்காசியில் ஒரு பாத்திரக்கடைக்கு ஆட்டோவில் போனோம். கடைக்காரர் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார். நான் வெள்ளைக் கேன்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தேன். சாப்பாட்டுப் பொருளுக்கு இரண்டும் ஐந்தும் ஆகும் என்று படித்திருந்தேன்.

"அண்ணாச்சி, கேன் வாங்க வந்தியளா, லாட்டரிச் சீட்டு வாங்க வந்தியளா?" என்றார் கடைக்காரர்.

"நம்பர் சரியா இருக்கணும்லா."

"எல்லாம் நல்ல நம்பர்தான். என்ன ஊத்தப் போறீய?"

"ஊறுகா."

"இருவது லிட்டர் ஊறுகாயா. ஓட்டல் வச்சிருக்கியளா?"

"இல்ல, நாங்க ரெண்டு பேருதான்."

"அப்பம் உப்பக் கொறச்சுப் போடுங்க. இந்த வயசுல பிரஷர் வந்துரும்."

ஸ்டூலில் இருந்தவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, கண்ணாடி ஜாடி இருக்கா, பெரிசா?" என்றாள். அவர் பத்து லிட்டர் ஜாடி இரண்டை இறக்கி அவள் மடியில் ஒன்றை வைத்தார். அவள் இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேரே, தெருவைப் பார்த்துப் பிடித்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள்.

"இதுலதான் தெளிவு தெரியும். கேனுல ஊத்தினா உள்ள பாலா மோரான்னு யாரு பாத்தா?"

"கீழ போட்டா?"

"நீங்க தூக்குங்க. நான் பாக்கேன்."

கடைக்காரர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "ஒண்ணு செய்யுங்க. பொங்குத வரைக்கும் கேன்ல கெடக்கட்டும். அடங்கினதும் ஜாடிக்கு மாத்துங்க. ஊறுகாய்க்கு அப்படித்தான் செய்வாவ" என்றார். ஊறுகாய் பொங்காது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கேன் ஒன்றும் ஜாடி இரண்டும் வாங்கிக்கொண்டு வந்தோம். கேன் என் பொறுப்பு, ஜாடி அவள் பொறுப்பு என்று ஆட்டோவிலேயே பேசி முடித்தோம்.

சாரல் தொடங்கிய வாரம் பழம் வாங்கிப் பிசைந்தோம். கேனின் மூடியில் ஓட்டை போட்டு, மருந்துக்கடையில் வாங்கிய டிரிப் குழாயைச் செருகி, மெழுகு வைத்து அடைத்து, மறுமுனையை ஒரு டம்ளர் தண்ணீருக்குள் விட்டேன். உள்ளே பொங்குகிற காற்று அந்த வழியாகக் குமிழ் குமிழாக வெளியே வரும். காலையும் மாலையும் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு எத்தனை குமிழ் என்று எண்ணினேன். முதலில் எண்ணி மாளவில்லை. பிறகு நாற்பது, பிறகு பதினெட்டு. அந்த ஆண்டு சாரல் விடவே இல்லை. துவைத்த துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, தரையில் கால் வைத்தால் குளிர்ந்தது. குமிழ் ஐந்தாகி, ஒன்றாகி, நின்றது. மூன்று நாள் எண்ணினேன், ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று எழுதிவைத்தேன்.

குளிரில் ஈஸ்ட் ஒடுங்கிக்கொள்ளும், சாவதில்லை. சூடு வந்தால் மறுபடி எழும். இதைப் பிறகு படித்தேன். மற்ற ஊர்களில் இந்தத் தவறு நடக்காது. ஆடி மாதத்தில் போர்வை போர்த்திக்கொண்டு உட்காருகிற இந்த ஊரில்தான், ஒயின் முடிந்ததா குளிர்ந்ததா என்று தெரியாமல் போகும்.

வடித்து இரண்டு ஜாடியிலும் ஊற்றினோம். கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தேன். தினமும் அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பாள். ஜாடியில் நெற்றி முட்டும் அளவுக்குக் குனிவாள்.

"இன்னும் மண்டி இருக்கு" என்பாள். அடுத்த நாளும் அதுதான். ஒரு நாள், "தெளிஞ்சிட்டு" என்றாள்.

எனக்கு ஜாடிக்குள் இன்னும் புகை படிந்ததுபோல் இருந்தது. ஆனால் ஜாடி அவள் பொறுப்பு. அவள் சொல்லி நான் மறுத்தால் ஆட்டோவில் பேசியதற்கு அர்த்தமில்லை.

அடைப்பதற்கு முன் சீனியைக் கருக்கி ஊற்றுவது அவள் வீட்டு வழக்கம். வாணலியில் சீனியைப் பழுப்பாக உருக்கி, சுடுதண்ணீர் விட்டுக் கரைத்து, ஆறியதும் சேர்த்தால் நிறமும் கூடும், இனிப்பும் சேரும். நாவற்பழத்துக்கு நிறம் ஏற்கெனவே உண்டு, பேருக்கு இரண்டு கரண்டி போதும். நான் கருக்கினேன், அவள் பக்கத்தில் நின்றாள். ஊற்றிக் கலக்கி ஒரு கிளாஸில் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"நெறம் பத்தல."

"இருண்டு போய்க் கெடக்கேட்டி."

"பத்தல. வெளிறிக் கெடக்கு. இன்னும் கொஞ்சம் கருக்குங்க."

மறுபடி கருக்கினேன். மறுபடியும் நிறம் போதாது என்றாள். மூன்றாம் முறையோடு அவளே, "சரி, விடுங்க" என்றாள். கழுவிக் காயவைத்த சர்பத் பாட்டில்கள் பதினான்கில் ஊற்றினோம். மூடிகளைத் துணி வைத்துப் பிடித்துத் திருகி, மெழுகில் முக்கி, சாப்பாட்டு அறை அலமாரியில் இரண்டு வரிசையாக அடுக்கினேன். அவள் ஒவ்வொரு பாட்டிலாகத் தடவிக்கொண்டே போனாள். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டாள்.

சாரல் ஒருநாள் சட்டென்று நின்றது. மலை தெளிவாகத் தெரிந்தது. வெயில் இத்தனை நாள் பாக்கியையும் சேர்த்து அடித்ததுபோல் இருந்தது. அருவியில் தண்ணீர் இல்லை என்று கார்கள் திரும்பிப் போயின. நான் மதியம் அவளுடைய மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போதே மணம் வந்தது.

சாப்பாட்டு அறையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் மேல் வைத்திருந்தாள். அலமாரிக் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. மூன்று பாட்டில் போயிருந்தது. தரை முழுக்க கருஞ்சிவப்பு. அதற்கு நடுவில் கண்ணாடித் துண்டுகள் மதிய வெயிலில் பளபளவென்று கிடந்தன.

"யாரு?" என்றாள்.

"நான்தான்."

"வெடிச்சிட்டு. ஒண்ணு வெடிச்சது, பெறகு சேந்தாப்புல ரெண்டு. எங்கன கெடக்குன்னு தெரியல. அதான் அசையாம இருக்கேன்."

வாசல் கதவு திறந்திருந்தது. விளக்கே போட வேண்டாத வெளிச்சம். ஒரு துண்டு, பாட்டிலின் கழுத்து, அவளுடைய நாற்காலிக் காலை ஒட்டிக் கிடந்தது.

"முன்னாலதானேட்டி கெடக்கு."

அவள் முகத்தைத் திருப்பினாள். என்னைப் பார்த்துத் திருப்பவில்லை. என் குரல் வந்த பக்கம் திருப்பினாள். அந்த வித்தியாசம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எப்பருந்து?" என்றேன்.

"சாரல் தொடங்கினதுலருந்து. மொதல்ல பனி மூட்டம் மாதி இருந்துச்சு. பெறகு எல்லாம் வெள்ளையாப் போச்சு."

"காலம்பற கம்பி எண்ணிச் சொன்னியே."

"முப்பது வருசமா பதினொண்ணுதான. இன்னைக்கு மட்டும் பன்னெண்டு ஆயிருமா?"

நான் செருப்போடு உள்ளே போய் அவளைத் தூக்க முயன்றேன், முடியவில்லை. என் செருப்பை அவள் காலில் மாட்டி, என் கையைப் பிடிக்கவைத்து, துண்டுகளை விலக்கி விலக்கி நடத்திப் போனேன். கட்டிலில் உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். கீறல் இல்லை.

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா கேன மட்டும் வச்சிருப்பீய. ஜாடியத் தூக்கிப் பரண்ல போட்டுருப்பீய."

அது உண்மை. 

மிச்சம் பதினோரு பாட்டில் அலமாரியில் இருந்தது. மச்சினனுக்குப் போன் செய்தேன். வந்து பார்த்தான், அக்காவைப் பார்த்தான், கட்டிலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பிறகு நான் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நனைத்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அவனுக்குப் பழைய கிண்டல் வந்தது.

"அத்தான், வெடிகுண்டு எடுக்கப் போற ஆளு மாதிரியே இருக்கீய. நான் இருவது அடி தள்ளி நிக்கேன். நாளப்பின்ன சாட்சி சொல்ல ஒருத்தன் வேணும்லா."

"சாட்சி சொல்லாண்டாம் மாப்ள. கேனப் பிடி."

ஒவ்வொன்றாகச் சாக்கில் பொதிந்து முற்றத்துக்குக் கொண்டுபோய் மூடியைத் திருகினேன். ஒவ்வொன்றும் சீறிக்கொண்டு நுரை கக்கியது. பாதி தரைக்குப் போனது. மீதியைத் துணியில் வடித்து அந்த வெள்ளைக் கேனிலேயே ஊற்றினோம். ஜாடிகள் இரண்டும் மேஜைமேல் காலியாக இருந்தன. அவற்றில் ஊற்றலாமா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வாரமே திருநெல்வேலிக்குப் போனோம். டாக்டர் டார்ச் அடித்து எந்தப் பக்கம் வெளிச்சம் என்று கேட்டார். இடம் என்றாள், வலம் என்றாள், சரியாகவே சொன்னாள். விரல் எத்தனை என்று கேட்டதற்கு, "தெரியல" என்றாள். டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. இனி ஊசியால் பிரயோஜனம் இல்லை என்றார். மங்கல் தொடங்கியது எப்போது என்று கேட்டார். நான் சாரல் தொடக்கம் என்றேன். "அப்பவே வந்திருந்தா" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டை எடுத்துச் சொட்டு மருந்து எழுதத் தொடங்கினார். அவர் முடிக்காமல் விட்ட வாக்கியத்தை நான் பல விதமாக முடித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் சரியாக வருவதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "தரையில கொட்டினது என்ன நெறம்?"

"செவப்பு."

"என்ன செவப்பு?"

என்னவென்று சொல்வது? எத்தனை பாட்டில், எத்தனை துண்டு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கறுப்பு கலந்த சிவப்பு என்றேன். அவளுக்குப் போதவில்லை என்று தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும், "அப்பம் நெறம் கூடிப்போச்சு" என்றாள். "மூணு தடவ கருக்கச் சொன்னது தப்பு. எனக்கு அது தண்ணி மாதி வெளிறித் தெரிஞ்சுது." கருக்கிய சீனியில் கருகாத சீனிதான் அதிகம். அதைத் தின்றுதான் ஈஸ்ட் மறுபடி எழுந்தது என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது கேன் சாப்பாட்டு அறை மூலையில் இருக்கிறது. டிரிப் குழாயை மறுபடி மாட்டினேன். குமிழ் வந்தது, குறைந்தது, நேற்று முன்தினம் நின்றது. நேற்றும் இல்லை. இன்று காலை ஐந்து நிமிடம் முழுக்கப் பார்த்தும் ஒன்றும் இல்லை. பாட்டிலில் அடைத்துவிடலாம், பிளாஸ்டிக்கில் கிடந்து வாசம் ஏறிவிடும் என்றேன். போன வாரம் கிளாஸில் எடுத்து மோந்து பார்த்தபோதே லேசாக ஏறியிருந்தது.

"என்னக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தேன். கேனின் பக்கவாட்டில் விரலை வைத்து அழுத்தினாள். சர்க்கரை அவள் விரல் நுனிகளையும் விட்டுவைக்கவில்லை, சூடான டம்ளரைத் தொட்டால்கூட உடனே தெரியாது. விரலை எடுத்தாள். குனிந்து கன்னத்தைக் கேனோடு சேர்த்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான், இருந்தாலும் மூடிக்கொண்டாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டம்ளரில் ஒரு குமிழும் வரவில்லை.

"இரையுது" என்றாள்.

"குமிழ் இல்லேட்டி. நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"இரையுதுன்னு சொல்லுதேன். கேனும் வெறைச்சுக்கிட்டு நிக்கி. கொழாய் எங்கனயோ அடைச்சிருக்கும், பாருங்க."

குழாயை டம்ளரிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மூடியை ஒட்டிய இடத்தில், முதல் தடவை பொங்கியபோது ஒட்டிக் காய்ந்த பழச்சக்கை ஊறி அடைத்திருந்தது. மூடியைத் திருகினேன். புஸ் என்று காற்று வெளியே போனது, கேனின் பக்கங்கள் தளர்ந்தன. அவள் கன்னத்தை எடுக்கவில்லை. கேன் தளர்ந்தது கன்னத்தில் தெரிந்திருக்கும்.

"இன்னும் பத்து நாள் கெடக்கட்டும்" என்றாள். "நான் சொல்லும்போது அடைங்க."

வாசம் ஏறுமே என்று வாய்வரை வந்தது. குழாயைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.